எலக்ட்ரோடு ஆன் செய்யும் முன்

மியூட்டண்ட் நீலப்பச்சைப் பாசியில் ஆக்சிஜனும் கார்பனும் அளக்கப் போகிறவர்களுக்கு

ஒரு ஜீனைத் தட்டிவிட்டீர்கள். பிளேட்டில் காலனி வந்துவிட்டது. இனி எலக்ட்ரோடில் போட்டு ஆக்சிஜன் பார்க்க வேண்டும், கார்பன் எவ்வளவு நிலைப்படுகிறது என்று பார்க்க வேண்டும், வைல்டு டைப் பக்கத்தில் வைத்து ஒரு கிராஃப் போட வேண்டும். கைடு கேட்பதும் அதைத்தான். இந்த இடத்தில்தான் பலர் ஒரு வருட உழைப்பைத் தொலைக்கிறார்கள். ஜீன் போனதும் செல்லின் பருமன், பச்சையம், சுவாசம், நிறம் எல்லாம் கூடவே மாறுகின்றன. ரீடிங்கை எதால் வகுக்கிறீர்களோ அதுவும் மாறியிருக்கும். இன்று மதியம் எலக்ட்ரோடு முன்னால் உட்காருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் சினெக்கோசிஸ்டிஸ் 6803-லிருந்து. சில, சினெக்கோகாக்கஸ் எலாங்கேட்டஸ் 7942-லிருந்து.

செய்ய வேண்டியவை

• முதல் வேலையாக பிசிஆர் போடுங்கள். 6803-ன் ஒரு செல்லில் ஜீனோம் ஒன்றே ஒன்று இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பிரதிகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சில கல்ச்சர்களில் அதற்கும் பல மடங்கு. கானமைசின் பிளேட்டில் காலனி வருவதற்கு இவற்றில் சிலவற்றில் எதிர்ப்பு ஜீன் கொண்ட கேசட் ஏறியிருந்தால் போதும். மீதிப் பிரதிகள் பழைய ஜீனை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலை பார்க்கும். உங்கள் கைக்கு வருவது 'ஆக்சிஜன் கொஞ்சம் குறைகிறது' என்ற இரண்டுங்கெட்டான் முடிவு. ப்ரைமர்கள் கேசட்டுக்கு வெளியே, இரு பக்கமும் இருக்கட்டும். வைல்டு டைப் பாண்ட் மங்கலாகக்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆன்டிபயாட்டிக்கைப் படிப்படியாக ஏற்றி மறுபடி ஸ்ட்ரீக் செய்யுங்கள். எத்தனை முறை செய்தாலும் பாண்ட் போகவில்லையா? அந்தச் சூழலில் அந்த ஜீன் இல்லாமல் செல் பிழைக்காது என்று அர்த்தமாக இருக்கலாம். குளுக்கோஸ், மங்கிய வெளிச்சம், கூடுதல் கார்பன் டை ஆக்சைடு என்று சூழலை மாற்றிப் பாருங்கள்.

• ஒப்பிடுவதற்கு, டிரான்ஸ்ஃபார்ம் செய்த அதே தாய் ஸ்ட்ரெயினை எடுங்கள். 6803 கலிபோர்னியாவின் நன்னீரிலிருந்து 1968-ல் பிரித்தெடுக்கப்பட்டது. 1996-ல் ஜப்பானின் கசூசா நிறுவனம் இதன் முழு ஜீனோமை வெளியிட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் அதுவே முதல். அதற்குள்ளும் அதற்குப் பிறகும் லேப் லேபாகச் சுற்றி, குளுக்கோஸ் தாங்குவது, தாங்காதது, நகர்வது, நகராதது என்று பல கிளைகளாகப் பிரிந்துவிட்டது. பக்கத்து லேப் ஃப்ரீசரில் '6803' என்று எழுதியிருக்கும் டியூப் உங்கள் வைல்டு டைப் ஆகாது. சின்ன வித்தியாசம்தானே என்று நினைத்தால் எலாங்கேட்டஸ் கதையைப் பாருங்கள். யுடெக்ஸ் 2973 என்ற ஸ்ட்ரெயின், மெதுவாக வளரும் 7942-க்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் பலத்த வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஆவதற்குள் இரட்டிப்பாகும். இந்த வேகத்துக்குக் காரணமென்று 2018-ல் பக்ராசி குழு காட்டியது மூன்று ஜீன்களில் உள்ள மாற்றங்களை. அவற்றில் ஒன்று ஏடிபி சிந்தேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம்.

• செக்ரிகேஷன் (எல்லாப் பிரதிகளிலும் பழைய ஜீன் போவது) முடிந்த அன்றே ஃப்ரீசரில் போடுங்கள். மைனஸ் 80, டிஎம்எஸ்ஓ அல்லது கிளிசரால், குறைந்தது இரண்டு வெவ்வேறு ஃப்ரீசர். நொண்டி நொண்டி வளரும் மியூட்டண்ட்டில் வேறெங்காவது இன்னொரு மியூட்டேஷன் வந்து குறையை ஈடுகட்டிவிட்டால், அந்தச் செல்தான் பிளாஸ்க்கை நிரப்பும். 'இந்த வாரம் மியூட்டண்ட் நல்லா வளருது' என்று யாராவது சொன்னால் கல்ச்சரைக் கொட்டிவிட்டு ஃப்ரீசர் ஸ்டாக்கிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

• கல்ச்சரை எல்பி பிளேட்டில் ஒரு சொட்டு வைத்து, இருட்டில் விடுங்கள். கூடவே மைக்ராஸ்கோப்பிலும் ஒரு பார்வை. பாசிக்கு நடுவே வளரும் சாதாரண பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னும். நீங்கள் அதை மியூட்டண்ட்டின் சுவாசம் என்று எழுதுவீர்கள். குளுக்கோஸ் போட்ட கல்ச்சரில் இது இன்னும் மோசம்.

• எலக்ட்ரோடை இன்றைய வெப்பநிலையில் காலிப்ரேட் செய்யுங்கள். காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் 25 டிகிரியில் சுமார் 258 மைக்ரோமோலார் ஆக்சிஜன். 30 டிகிரியில் சுமார் 236. பழைய எண்ணை அப்படியே வைத்தால் எல்லா ரீடிங்கும் கிட்டத்தட்ட 9 சதவீதம் பிசகும். காற்றழுத்தமும் கணக்கு: ஊட்டியில் வேலை செய்கிறவர் சென்னை எண்ணைப் போடக்கூடாது. பூஜ்யத்துக்கு ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட் போட்டபின் சேம்பரைத் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் அடுத்த சாம்பிளின் ஆக்சிஜனை அது விழுங்கும். மெம்பிரேனில் சுருக்கம் இருக்கிறதா, அடியில் குமிழி சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்டிர்ரர் வேகத்தை ஒருமுறை வைத்தால் நாள் முழுக்கத் தொடாதீர்கள். பாசி போடாமல் வெறும் மீடியத்தை வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கோடு எவ்வளவு சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடும் ஆக்சிஜன் சாப்பிடும் பிராணிதான்.

• வெளிச்சத்துக்கு முன்னும் பின்னும் இருட்டு ரீடிங் எடுங்கள். வெளிச்சத்தில் வருவது நிகர ஆக்சிஜன்: உண்டானது கழித்தல் செலவானது. இந்தப் பாசியில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே தைலகாய்டு சவ்வில், ஒரே பிளாஸ்டோகுயினோனைப் பங்குபோட்டு நடக்கின்றன. அதனால் இருட்டுச் சுவாசம் வெளிச்சத்திலும் அப்படியே தொடரும் என்று எடுத்துக்கொள்வது ஓர் அனுமானம் மட்டுமே. மொத்த ஆக்சிஜன் என்று எழுதும்போது அந்த அனுமானத்தையும் சேர்த்து எழுதுங்கள். வசதி இருந்தால் ஆக்சிஜன்-18 கொடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள். தண்ணீர் உடைந்து வருவது ஆக்சிஜன்-16, செல் உறிஞ்சுவது ஆக்சிஜன்-18. இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

• குவெட்டில் பைகார்பனேட் சேருங்கள். 10 மில்லிமோலார் வழக்கம். சேர்க்காவிட்டால் மூடிய சேம்பரில் கார்பன் தீர்ந்து கோடு படுத்துவிடும். பழி ஃபோட்டோசிஸ்டம் மேல் விழும். உங்கள் ஜீன் கார்பன் சேகரிப்போடு சம்பந்தப்பட்டது என்றால் ஒரே அளவோடு நிறுத்தாமல், மிகக் குறைவிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள். 10 மில்லிமோலாரில் மட்டும் பார்த்தால் பல குறைகள் வெளியே தெரியாது.

• ஃபோட்டோசிஸ்டம் 2-ஐத் தனியாக ஒருமுறை அளந்துவிடுங்கள். டிசிபிக்யூவும் ஃபெரிசயனைடும் கொடுத்தால் எலக்ட்ரான் அங்கேயே வெளியேறிவிடும். பின்னால் இருக்கும் கால்வின் சுழற்சி கணக்கில் வராது. பைகார்பனேட்டில் குறைந்து இதில் குறையாவிட்டால், தண்ணீர் உடைக்கும் இடம் நன்றாக இருக்கிறது, தடை கீழே எங்கோ. டிசிபிக்யூவை அன்றன்றைக்குக் கரையுங்கள்.

• வெளிச்சத்தை குவாண்டம் சென்சாரால் அளவிடுங்கள். லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது.

• கார்பனைக் கார்பனாகவே அளவிடுங்கள். கார்பன்-14 பைகார்பனேட் என்றால், குறித்த நேரத்தில் அமிலம் ஊற்றி, உலர்த்தி, மிச்சமிருப்பதை எண்ணுங்கள். அமிலம் கட்டாயம்: இந்தப் பாசி பைகார்பனேட்டைச் செல்லுக்குள் வெளியே இருப்பதைவிடப் பல நூறு மடங்கு செறிவாகச் சேர்த்து வைக்கும். அது உள்ளே வந்த கார்பன். ரூபிஸ்கோ இன்னும் தொடாதது. அமிலம்தான் இதை வாயுவாக விரட்டும். பூஜ்ய நேர சாம்பிளும் இருட்டு சாம்பிளும் இல்லாமல் எண்களை எழுதாதீர்கள். வெளியேறும் வாயுவும் கதிரியக்கம் உள்ளது. ஃபியூம் ஹுட், முன்அனுமதி, பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்து எல்லாம் முதலில்.

• சூப்பர்நேட்டன்ட்டையும் சோதியுங்கள். நிலைப்பட்ட கார்பன் எல்லாம் செல்லாக மாறும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2012-ல் டுகாட் குழு 7942-ல் ஈ. கோலையின் சுக்ரோஸ் கடத்தியை வைத்து, உப்பும் கொடுத்தது. செல்கள் சர்க்கரையை வெளியே கொட்டின. கூடவே ஃபோட்டோசிஸ்டம் 2-ன் வேலையும் கார்பன் நிலைப்படுத்தலும் ஏறின. ஓடி (கலங்கல் அளவு) மட்டும் பார்த்திருந்தால் இது மட்டமான ஸ்ட்ரெயின் என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். கிளைகோஜன் செய்ய முடியாத மியூட்டண்ட்டும் நைட்ரஜன் இல்லாதபோது பைருவேட் போன்ற அமிலங்களை வெளியே விடும்.

செய்யக்கூடாதவை

• மில்லிகிராம் குளோரோஃபில்லுக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நான் பார்த்தவரை அதிகம் பேர் மாட்டிக்கொண்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு ஃபோட்டோசிஸ்டம் 1-ல் 96 குளோரோஃபில், ஒரு ஃபோட்டோசிஸ்டம் 2-ல் 35. ஆக்சிஜன் தருவது இரண்டாவது. பச்சையத்தின் பெரும்பங்கை வைத்திருப்பது முதலாவது. வைல்டு டைப்பில் இரண்டாவது ஒன்றுக்கு முதலாவது நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆக்சிஜன் மையத்துக்குக் குளோரோஃபில் 4 × 96 + 35, அதாவது 419. மியூட்டண்ட்டில் முதலாவது பாதியாகக் குறைந்துவிட்டது, இரண்டாவதில் ஒரு மாற்றமும் இல்லை: 2 × 96 + 35, அதாவது 227. ஒவ்வொரு மையமும் அதே ஆக்சிஜனைத்தான் தருகிறது. ஆனால் குளோரோஃபில்லால் வகுத்தால் மியூட்டண்ட் 1.85 மடங்கு! 'ஆக்சிஜன் உற்பத்தி 85 சதவீதம் உயர்வு' என்று தலைப்புப் போட்டு அனுப்பினால், ரெவ்யூவர் ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்.

செல் எண்ணிக்கைக்கும் வகுத்து, இரண்டு கணக்கையும் அருகருகே காட்டுங்கள். ஓடி 730 செல் எண்ணிக்கைக்கு மாற்று ஆகாது. அது ஒளிச்சிதறல், செல் பருத்தால் ஏறும், ஸ்பெக்ட்ரோமீட்டர் மாறினாலும் மாறும். குளோரோஃபில்லையும் மெத்தனாலில் எடுத்து, குளோரோஃபில்-ஏ-க்கான சூத்திரத்தில் போடுங்கள். இலைகளுக்கான சூத்திரத்தில் குளோரோஃபில்-பி கணக்கும் கலந்திருக்கிறது. இந்தப் பாசியில் அது கிடையாது.

• ஆக்சிஜன் எண்ணை அப்படியே கார்பன் எண்ணாக மாற்றாதீர்கள். பாடப்புத்தகச் சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று. பிளாஸ்க்கில் நைட்ரேட்டும் இருக்கிறது. பிஜி-11-ல் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட். ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரை நிலைக்குக் கொண்டுவர 4 எலக்ட்ரான், ஒரு நைட்ரேட்டை அம்மோனியம் ஆக்க 8. செல்லில் 5 கார்பனுக்கு ஒரு நைட்ரஜன் என்று வைத்தால், 28 எலக்ட்ரான் வேண்டும். அதற்கு 7 ஆக்சிஜன் வெளிவரும், கார்பன் சேர்வதோ 5. அம்மோனியம் கொடுத்தால் இந்த இடைவெளி போய்விடும். நைட்ரேட் எடுப்பதில் கோளாறுள்ள மியூட்டண்ட்டில் ஆக்சிஜன் குறைந்தும் கார்பன் குறையாமல் இருக்கலாம்.

• ஒரு கல்ச்சரை 2 சதவீத கார்பன் டை ஆக்சைடிலும் மற்றதைச் சாதாரணக் காற்றிலும் வளர்த்து ஒப்பிடாதீர்கள். காற்றுக்கு மாற்றினால் வைல்டு டைப் சில மணி நேரத்தில் கூடுதல் பைகார்பனேட் கடத்திகளைச் செய்துகொள்ளும். கார்பாக்சிசோம் இல்லாத மியூட்டண்ட் அப்படியும் தப்பாது. கூடுதல் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் அது வளரவே வளராது. 1989-ல் பியர்ஸ், கார்ல்சன், வில்லியம்ஸ் மூவரும் 6803-ன் ரூபிஸ்கோவை எடுத்துவிட்டு ரோடோஸ்பைரில்லம் ரூப்ரத்தின் ரூபிஸ்கோவை வைத்தார்கள். அதுவும் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கொடுத்தால்தான் பிழைத்தது. இப்படிப்பட்ட மியூட்டண்ட் கையில் இருந்தால், இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

• இலைக்கான ஃபுளோரோமீட்டர் தரும் Fv/Fm எண்ணை நம்பாதீர்கள். இலையை இருட்டில் வைத்தால் ஃபோட்டோசிஸ்டம் 2 ஓய்வு நிலைக்கு வரும், எண் 0.8-ஐ ஒட்டி நிற்கும். இந்தப் பாசியை இருட்டில் வைத்தால் சுவாசத்தின் எலக்ட்ரான்கள் பிளாஸ்டோகுயினோனை நிரப்பி, செல்லை ஒளிர்வு குறைந்த ஸ்டேட் 2-க்குத் தள்ளிவிடும். உச்ச ஒளிர்வு அமுங்கிப்போகும். போதாததற்கு, ஒளி பிடிக்கும் ஆன்டெனாவான ஃபைகோபிலிசோமின் ஒளிர்வும் அடிநிலை ஒளிர்வில் வந்து கலக்கும். ஃபைகோபிலிசோம் குறைந்த மியூட்டண்ட்டில் அந்தக் கலப்பு போய், எண் தானாகவே அழகாக ஏறலாம். ஃபோட்டோசிஸ்டம் 2-க்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இருக்காது. உச்சத்தை வெளிச்சத்தில், ஃபோட்டோசிஸ்டம் 2-ஐத் தடுக்கும் டிசிஎம்யு சேர்த்து எடுங்கள்.

• நிறம் மாறிய மியூட்டண்ட்டுக்கு ஒரே நிற எல்இடி போடாதீர்கள். ஃபைகோசயனின் இல்லாத 'ஆலிவ்', ஃபைகோபிலிசோமே இல்லாத 'பால்' போன்றவை ஆரஞ்சு வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்காது. அதில் மட்டும் அளந்தால் பாவம், அவை சோம்பேறிகளாகத் தெரியும்.

• நிலையான வெளிச்சத்தில் வித்தியாசம் இல்லை என்றதும் 'பாதிப்பில்லை' என்று எழுதாதீர்கள். ஃப்ளேவோடைஅயர்ன் 1, 3 இரண்டும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தண்ணீராக்கும் புரதங்கள். இவை இல்லாத 6803 மாறாத வெளிச்சத்தில் வைல்டு டைப்பைப் போலவே வளர்கிறது. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகக் குழு 2013-ல், 5 நிமிடம் 20 மைக்ரோமோல், பிறகு 30 விநாடி 500 மைக்ரோமோல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. மியூட்டண்ட்டால் தாங்க முடியவில்லை. குளத்துத் தண்ணீரில் மேகமும் அலையும் செய்வது இதைத்தான். டைமர் ஒன்று வாங்கி இன்றே விளக்கில் மாட்டுங்கள்.

• ஃபோட்டோசிஸ்டம் 1 இல்லாத மியூட்டண்ட்டை ரேக்கில் மற்ற பிளாஸ்க்குகளோடு வைக்காதீர்கள். குளுக்கோஸும் 5 மைக்ரோமோல் வெளிச்சமும் போதும். சாதாரண ரேக் வெளிச்சத்தில் வெளுத்துச் செத்துவிடும்.

• குளுக்கோஸில் வளர்ந்த செல்லை அப்படியே எலக்ட்ரோடில் ஊற்றாதீர்கள். கழுவுங்கள். சர்க்கரை இருந்தால் சுவாசம் எகிறும், நிகர ஆக்சிஜன் விழும். வைல்டு டைப்புக்கும் அதே குளுக்கோஸ், அதே கழுவல்.

• குவெட்டில் கல்ச்சரை அடர்த்தியாக நிரப்பாதீர்கள், வெளிச்சத்தை நீண்ட நேரம் அடிக்காதீர்கள். தியேட்டரில் முன்சீட்காரர் தலை மறைப்பதுபோல முன்னால் இருக்கும் செல் பின்னால் இருப்பதை மறைக்கும். மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் குளோரோஃபில் போதும். நேர்க்கோடு கிடைத்ததும் விளக்கை அணையுங்கள். பலத்த ஒளியில் ஃபோட்டோசிஸ்டம் 2-ன் டி1 புரதம் உடைந்துகொண்டே இருக்கும். பழுதுபார்ப்பில் குறையுள்ள மியூட்டண்ட்டில் ஒவ்வொரு நிமிடமும் ரீடிங் இறங்கும்.

• ஒரே பிளாஸ்க்கிலிருந்து மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று ரெப்ளிகேட் என்று சொல்லாதீர்கள். தனித்தனி காலனியிலிருந்து வளர்த்த கல்ச்சர்கள் வேண்டும்.

• ஜீனைத் திருப்பி வைத்துப் பார்க்காமல் ஜீன் மேல் பழி போடாதீர்கள். ஜீனோமில் வேறொரு நியூட்ரல் இடத்தில் நல்ல பிரதியை வைத்து, ஆக்சிஜன் பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் குற்றவாளி வேறு. கேசட்டுக்கு அடுத்துள்ள ஜீன் அடங்கிப்போயிருக்கலாம்.

• ஒரு பிளாஸ்க்கில் கிடைத்த லாபத்தைக் குளத்துக்கும் டேங்குக்கும் பெருக்காதீர்கள். ஒளி பிடிக்கும் ஆன்டெனாவைக் குட்டையாக்கினால் அடர்ந்த கல்ச்சரில் வெளிச்சம் ஆழமாகப் போகும், விளைச்சல் கூடும் என்பது கேட்க நன்றாக இருக்கும் யோசனை. 2012-ல் பேஜ், லிபர்டன், பக்ராசி மூவரும் 6803-ல் ஃபைகோபிலிசோமைக் குறைத்தபோது விளைச்சல் இறங்கியது. 2014-ல் கிர்ஸ்ட், ஃபார்மிகியரி, மெலிஸ் மூவரும் அதே 6803-ல் ஃபைகோசயனின் ஜீன்களை நீக்கியபோது விளைச்சல் ஏறியது. ஆகவே 'மகசூல் கூடும்' என்று எழுதும் முன், எந்த வெளிச்சத்தில், எந்த அடர்த்தியில், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடில் என்று மூன்றையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

• சுவாசத்தை நிறுத்த சயனைடு இருக்கிறதே என்று தனியாளாக அதைத் தொடாதீர்கள். அமிலம் பட்டால் நச்சு வாயு. கார்பன்-14 வேலைக்கு அமிலப் புட்டி எடுத்துவைத்திருக்கும் அதே மேஜையில் கூடவே கூடாது.

• வேலை முடிந்ததும் கல்ச்சரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். அதில் கானமைசின் எதிர்ப்பு ஜீன் இருக்கிறது. இந்தியாவில் ஜீன் மாற்றிய நுண்ணுயிர்களுக்கென்று 1989-ம் ஆண்டு விதிகள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியாமல் அந்த ஸ்ட்ரெயினை வைத்திருப்பதே தவறு. எல்லாம் ஆட்டோகிளேவுக்கு. டிசிஎம்யு களைக்கொல்லி, அது கலந்த கழிவுக்குத் தனிக் கேன் வையுங்கள், மூடியில் இன்றைய தேதியை எழுதுங்கள்.